ஹாலோவீனுக்கு முன்முற்ற விளக்கு: எந்த நிறம் எடுப்பது?

கறிவேப்பிலை_வீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். விளக்கு விஷயம் தெரிந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள். ஹாலோவீனுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது.

எங்கள் வீடு சிங்கப்பூரில் சிலேத்தார் ஹில்ஸ் பக்கம், வரிசை வீடுகளில் நடு வீடு. கார் நிற்கும் இடத்தைக் கழித்துவிட்டால் முன்முற்றம் ஆறு மீட்டர் அகலம், நாலு மீட்டர் ஆழம், அவ்வளவுதான். இடது மூலையில் மாமியார் கன்றாக வைத்த கறிவேப்பிலை மரம் இப்போது மாடி ஜன்னலைத் தொடுகிறது. அதன் கீழே செம்பருத்தி, இரண்டு தொட்டியில் பாண்டான். பின்னால் முழுக்க வெள்ளைச் சுவர்.

மகள் தொடக்கநிலை 4 படிக்கிறாள். மூன்று வருடமாக அக்டோபர் 31 அன்று அவளை உட்லண்ட்ஸுக்கு, அமெரிக்கன் பள்ளிக்குப் பக்கத்துத் தெருக்களுக்கு, அழைத்துப் போகிறோம். அங்கே பெரிய பெரிய பொம்மைகள் வைத்த வீடுகள் நிறைய உண்டு. ஆனால் அவள் என் கையை இறுக்கிப் பிடித்தது ஒரே ஒரு வீட்டின் முன்னால்தான். அங்கே பொம்மையே இல்லை. ஒரு புதருக்குள்ளிருந்து பச்சை வெளிச்சம் மட்டும் கசிந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வந்ததும், "அம்மா, நம்ம வீட்டையும் அப்படிப் பண்ணலாமா?" என்று கேட்டாள்.

போன வருடம் செய்து பார்த்தேன். ஆன்லைனில் ரிமோட்டில் நிறம் மாற்றும் ஆர்ஜிபி ஃப்ளட்லைட் நாலு வாங்கினேன், ஒவ்வொன்றும் 10 வாட். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம், ஒன்று ஊதா. நாலையும் கேட் ஓரத்தில் தரையில் வைத்து வீட்டைப் பார்த்துத் திருப்பிவிட்டேன். முற்றம் பசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, போல ஆகிவிட்டது. சிவப்பு பட்ட இடத்தில் கறிவேப்பிலை மரமே காணாமல் போனது. ஒரு கறுப்புத் திட்டுதான் தெரிந்தது. கைப்பேசியில் படம் எடுத்தால் எல்லாம் ஊதா மெழுக்கு. மகள் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த தெருவுக்குப் போகலாமா என்று மட்டும் கேட்டாள். அது எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

இந்த முறை சில விஷயங்களையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தீபாவளி நவம்பர் 8. ஹாலோவீன் முடிந்து எட்டே நாள். 2024இல் இரண்டும் ஒரே நாளில் வந்தது. அன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்தோம், இரவு வாசலில் வந்து நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாயோடு அச்சு முறுக்கும் கொடுத்தோம், அதில் மாமியாருக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் போன வருட வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "விளக்கு வைக்கிற வாசல்ல இப்படி ஒரு வெளிச்சமா?" என்று வருத்தப்பட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அடுத்து, பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வீட்டில் சாமி மாடத்து விளக்கு இரவு முழுக்கச் சிவப்பாக எரியும், எங்கள் கேட்டிலிருந்தே தெரியும். அதே சிவப்பைப் பேய்க்குப் போட எனக்கு மனம் வரவில்லை. ரத்தம், தொங்கும் பிணம் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

கையில் இருப்பது 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). பழைய நாலு ஃப்ளட்லைட்டும் வேலை செய்கின்றன. எந்த நிறம், எத்தனை, எங்கே வைப்பது? தீபாவளிக்கும் உதவினால் இன்னும் நல்லது.


பின்மேடை எழுதியது:

தங்கச்சி, நான் 27 வருடமாகத் தமிழ் நாடகங்களுக்கு மேடை விளக்கு போடுகிறவன். சமூக மன்றத்து மண்டபம், பள்ளி அரங்கம், கறுப்புத் துணி கட்டிய சின்ன அரங்கு என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறேன். உங்கள் மரம் காணாமல் போனது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

நிறத்தை விளக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வெளிச்சம் எதன்மேல் விழப்போகிறதோ அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், பச்சையைத் திருப்பித் தரும். அதனால் சிவப்பு விளக்கின் முன்னால் கறிவேப்பிலை கரியாகிறது, பச்சை விளக்கின் முன்னால் உள்ளிருந்தே எரிவதுபோல் தெரிகிறது. உட்லண்ட்ஸ் புதரில் உங்கள் மகள் கண்டது இதுதான். கறிவேப்பிலையின் மேல்புறம் கரும்பச்சை, அடிப்புறம் வெளிர்பச்சை. ஆகவே விளக்கை மரத்தின் தூரில் வைத்து நேர் மேலே பார்க்கத் திருப்புங்கள். கேட் பக்கத்திலிருந்து அடித்தால் அந்த வெளிர்ப்பு கிடைக்கவே கிடைக்காது.

அடுத்து அந்த வெள்ளைச் சுவர். உங்கள் முற்றத்தில் இருக்கும் பெரிய விளக்கு அதுதான். நீங்கள் எந்த நிறத்தை அடித்தாலும் வாங்கி முற்றம் முழுக்கத் திருப்பி வீசுகிறது. நாலு நிறமும் அதன்மேல் போய்க் கலந்ததால்தான் கடைவீதி போல ஆனது. சுவர்மேல் ஒரு துளி நேர் வெளிச்சமும் படாமல் பார்த்துக்கொண்டால் வேலையில் பாதி முடிந்தது. இருட்டுக்கு இடம் விடுங்கள். மேடையில் நாங்கள் முதலில் முடிவு செய்வதே எங்கே விளக்கு வேண்டாம் என்பதைத்தான்.

இன்று மாலை ஒரு காரியம் செய்யுங்கள். ஆறரை மணிக்குச் செம்பருத்திச் செடி முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். மகளையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். பகலில் பூதான் கண்ணைப் பறிக்கும், இலை பின்னால் அடங்கியிருக்கும். இருட்ட இருட்டப் பூ முதலில் மாநிறமாகும், பிறகு கறுத்தே போகும். இலை மட்டும் வெளிறிப்போய் இன்னும் தெரிந்துகொண்டிருக்கும். மங்கலில் வேலை செய்யும் கண்ணின் செல்கள் சிவப்பை அநேகமாகக் காண்பதே இல்லை, நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் உள்ள நிறத்தைத்தான் நன்றாகப் பிடிக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் புர்கின்யே என்ற செக் நாட்டு அறிஞர் இதைக் கவனித்துச் சொன்னார், அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. உங்களுக்கு இதனால் என்ன பயன் என்றால், நீலமும் பச்சையும் மிகக் கொஞ்சமாக இருந்தாலே போதும். 10 வாட் முழுதாக விட்டால் அது இரவாக இருக்காது, நீலச் சாயம் பூசிய பகலாக இருக்கும். சிவப்பு வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். மனசுக்காக எடுத்த முடிவு, கண்ணுக்கும் அதுவே சரி.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். மாடி ஜன்னல் மரத்தை ஒட்டி இருக்கிறது என்றீர்கள். அந்த ஜன்னலுக்குள், அறையிலேயே, ஒரு நீல விளக்கை வைத்து மரத்தின் ஊடாகக் கீழே தரையைப் பார்க்க இறக்கிவிடுங்கள். அது உங்கள் நிலா. தரையில் இலை நிழல் விழும். கறிவேப்பிலை மாதிரி பொடி இலை உள்ள மரம் நிழலுக்குக் கிடைத்தற்கரியது. மாமரமாக இருந்தால் நான் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். காற்று அசைந்தால் தரையே அசையும். இதற்குப் பழைய ஆர்ஜிபி ஃப்ளட்லைட் ஆகாது. அதில் பல எல்இடி பரவலாக உட்கார்ந்திருக்கும், ஒவ்வொன்றும் தனித்தனி நிழல் போட்டு எல்லாம் குழம்பிவிடும். ஒரே ஒரு புள்ளியிலிருந்து ஒளி விடும் விளக்காக இருக்க வேண்டும். நல்ல எல்இடி டார்ச்சின் முன்னால் நீலக் கண்ணாடித்தாள் கட்டினாலே போதும். சாதாரண எல்இடி டார்ச் என்றால் தாள் கருகாது. ஹாலஜன் விளக்கின் முன்னால் மட்டும் அதைக் கட்டிவிடாதீர்கள்.

பிறகு செம்மஞ்சள். இதற்கு ஆர்ஜிபி விளக்கில் ஆரஞ்சு பொத்தானை அழுத்தாதீர்கள். அதில் ஆரஞ்சு என்று எதுவும் கிடையாது, சிவப்பும் பச்சையும் சேர்ந்து கண்ணை நம்பவைக்கின்றன. சந்தேகம் இருந்தால் விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முறுக்கைப் பிடித்து நிழலைப் பாருங்கள். ஒரு ஓரம் சிவப்பாகவும் மறு ஓரம் பச்சையாகவும் பிரிந்து நிற்கும். அம்பர் என்றே தனியாக விற்கும் எல்இடி வாங்குங்கள், அல்லது 2000 கெல்வின் அளவில் உள்ள மெழுகுவத்தி நிற பல்பு வாங்குங்கள். பரங்கிக்காய்க்குள் வைப்பதற்கு மெழுகுவத்தி நிறமே போதும், ஆரஞ்சை அந்தக் காயே தந்துவிடும்.

உங்கள் மாமியாரிடம் ஒன்று சொல்லுங்கள். இந்த விழா அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் இருந்தபோது டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே நெருப்பு வைத்தார்கள். விழா அமெரிக்காவுக்குப் போன பிறகுதான் பரங்கிக்காய் சேர்ந்துகொண்டது. ஊதா, பச்சை எல்லாம் பின்னால் வந்தவை. அடிப்படையில் இந்த விழாவின் நிறம் தீயின் நிறம், நம் அகல் விளக்கின் நிறமும் அதுதான். அம்பரை மட்டும் விட்டுவைத்து மற்றவற்றை நவம்பர் முதல் தேதி எடுத்துவிட்டால் தீபாவளிக்கு நீங்கள் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம்.

ஆக, மேலிருந்து மெல்லிய நீலம், கீழே ஒரு இடத்தில் அம்பர், மரத்தின் தூரில் மிகச் சின்னப் பச்சை. பச்சையை மட்டும் ஆள் நிற்காத இடத்தில் வையுங்கள், முகத்தில் பட்டால் பிள்ளைகள் எல்லாரும் காய்ச்சல்காரர்கள் போலத் தெரிவார்கள். எந்த விளக்கின் முகமும் கேட்டில் நிற்பவர் கண்ணில் படக் கூடாது. பூந்தொட்டிக்குப் பின்னால் மறையுங்கள். வாங்குவதற்கு முன் கைப்பேசி டார்ச்சில் கலர் கண்ணாடித்தாளைச் சுற்றி இரவு ஏழரைக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். இரண்டு வெள்ளிச் செலவில் பாதித் தவறு அங்கேயே தெரிந்துவிடும்.


மூணுபின் எழுதியது:

அக்கா, நான் உரிமம் உள்ள எலெக்ட்ரீஷியன். நிறத்தைப் பத்தி அண்ணன் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்லை. மாடி ஜன்னலுக்குள்ள விளக்கை வைக்கச் சொன்னாரே, அது எனக்கும் ரொம்பப் பிடிச்சிருக்கு. மழை படாத விளக்குதான் நல்ல விளக்கு.

அக்டோபர் கடைசியில மத்தியானம் இடி மழை வந்து சாயங்காலம் வரைக்கும் சொட்டிக்கிட்டே இருக்கும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வெளியில வைக்கிற விளக்குக்கு ஐபி65 பாருங்க, தூசு தண்ணி எவ்வளவு தாங்கும்னு காட்டுற எண் அது. ஐபி44ன்னா சாரலுக்குத்தான் தாங்கும். ஆனா ஒண்ணு கவனிங்க, பெட்டியில போட்டிருக்கிற ஐபி65 விளக்குக்கு மட்டும்தான். அதோட பிளக்குக்கும் அடாப்டருக்கும் அது கிடையாது. நான் போய்ப் பார்க்கிற வீட்டுல முக்கால்வாசி விளக்கு நல்லாத்தான் இருக்கும், எக்ஸ்டென்ஷன் பெட்டி புல்லுல கிடக்கும். தண்ணி அங்கதான் போகும். அது வீட்டு ஆர்சிசிபியை, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா வெட்டுற சுவிட்சை, தட்டிவிடும். நிறைய வீட்டுல ஒரே ஆர்சிசிபிதான் மொத்த வீட்டுக்கும், ஃபிரிட்ஜ் உட்பட எல்லாம் நின்னுடும். அது தட்டுதுன்னா கோபப்படாதீங்க, 30 மில்லியாம்ப் கசிஞ்சாலே வெட்டணும்னுதான் அது இருக்கு. விளக்கு போடுறதுக்கு முன்னாடி அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்க. டக்குனு விழணும். விழலைன்னா எங்களை மாதிரி ஆளைக் கூப்பிட்டுச் சரி பண்ணிட்டு அப்புறம் விளக்கு.

எக்ஸ்டென்ஷன் பெட்டி கார் போர்ச் கூரைக்கு உள்ள, தரையில இருந்து ஒரு அடியாவது மேல இருக்கட்டும். ஒயர் சாக்கெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கீழ தொங்கி மறுபடி மேல ஏறணும். அப்பதான் ஒயர் வழியா வழியிற தண்ணி அந்தத் தொங்கல்லயே சொட்டிடும், சாக்கெட்டுக்கு ஏறாது. பிள்ளைங்க கை படுற இடத்துல, குறிப்பா பரங்கிக்காய்க்கு உள்ள, 230 வோல்ட் வேண்டாம். பேட்டரி இல்லைன்னா 12 வோல்ட். அடாப்டர்ல பாதுகாப்புக் குறி இருக்கான்னு பாருங்க.

சில பேர் அமெரிக்காவுல இருந்து ஹாலோவீன் விளக்குச் சரம் வரவழைக்கிறாங்க. அங்க 120 வோல்ட். தட்டை ரெண்டு பின்னை மாத்திக் குத்துற பயண அடாப்டர் வோல்டேஜை மாத்தாது, பின்னோட வடிவத்தைத்தான் மாத்தும். இங்க 230ல போட்டா அங்கேயே கருகிடும்.

சுமையைப் பத்திப் பயப்பட வேண்டாம். உங்க விளக்கு எல்லாம் சேர்ந்தாலும் 50 வாட் தாண்டாது. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் எரிஞ்சா கால் யூனிட்டுக்கும் கீழ, பத்து காசு ஆகாது. விளக்கு வாங்க பாலஸ்டியர் ரோட்டுல ஒரு நடை நடங்க, போட்டுக் காட்டச் சொல்லி நிறத்தைக் கண்ணால பார்த்து வாங்கலாம். சின்னச் சின்ன 12 வோல்ட் சாமான், ஒத்தை நிற எல்இடி இதெல்லாம் சிம் லிம் டவர்ல கிடைக்கும்.


ஆய்வுக்கூட_அக்கா எழுதியது:

பள்ளி அறிவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். புற ஊதா விளக்கைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். உங்களிடம் பொம்மை இல்லை, ரத்தம் வேண்டாம் என்கிறீர்கள், அப்படியானால் இது உங்களுக்குத்தான்.

பிளாக்லைட் என்று விற்கும் விளக்குகளில் இரண்டு வகை உண்டு. 395 நானோமீட்டர் அலைநீளம் உள்ளது மலிவு, கூடவே கண்ணுக்கு ஊதாவாகவும் தெரியும். 365 நானோமீட்டரில் விளக்கு எரிவதே அவ்வளவாகத் தெரியாது, பொருள் மட்டும் ஒளிரும். பிள்ளைகள் வந்து போகும் வாசலுக்கு 395 போதும். எதுவானாலும் விளக்கின் முகத்தைப் பிள்ளைகள் நேராகப் பார்க்காதபடி உயரத்தில் மறைத்து வையுங்கள்.

இப்போது வீட்டிலுள்ள பழைய வெள்ளை வேட்டி ஒன்றை எடுங்கள். சலவைத்தூளில் துணியை வெளுப்பாகக் காட்ட ஒரு பொருள் சேர்க்கிறார்கள். அது புற ஊதாவை வாங்கிக்கொண்டு நீல வெண்மையாகத் திருப்பித் தரும். பலமுறை துவைத்த பருத்தி வேட்டியை இருட்டில் ஒரு கொடியில் போட்டு இந்த விளக்கைக் காட்டினால், கொடி தெரியாது, வேட்டி மட்டும் நடுவானில் நிற்கும். கண் வைக்க வேண்டுமானால் மஞ்சள்தூள். ஒரு தேக்கரண்டி மஞ்சளைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரைப் பஞ்சால் தொட்டு வட்டமாகப் பூசுங்கள். பகலில் மஞ்சள் கறைதான். புற ஊதாவில் பச்சை கலந்த மஞ்சளாக எரியும். ஸ்பிரிட் முழுக்க உலரும்வரை அகல், மெழுகுவத்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம். வெயில் பட்டால் மஞ்சள் மங்கிவிடும், அதனால் அன்று மாலையே பூசுவது நல்லது. பிள்ளைகளுக்குக் குடிக்க டானிக் வாட்டர் வைத்தால் அதுவும் நீலமாக ஒளிரும், அதில் உள்ள குயினைன் செய்யும் வேலை.

பூச்சி வரும், அதைச் சொல்லிவிடுகிறேன். புற ஊதாவுக்கும் நீலத்துக்கும்தான் அதிகம் வரும், அம்பருக்குக் குறைவு. மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பினால் பிளாக்லைட்டைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள்.

படபடவென்று வெட்டி எரியும் ஸ்ட்ரோப் விளக்கைப் பொது வாசலில் வைக்காதீர்கள். வலிப்பு நோய் உள்ள சில பிள்ளைகளுக்கு அது ஆபத்து. வருகிறவர்களில் யாருக்கு என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.


பொங்கோல்_13வது_மாடி எழுதியது:

தரைவீடு இல்லாதவர்களுக்கும் சேர்த்து ஒன்று. நாங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறோம். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், ஒயர் இழுக்க முடியாது, தாழ்வாரத்து விளக்கில் கலர்த்தாள் ஒட்டுவதும் சரியில்லை, அது எல்லாருக்கும் பொதுவான விளக்கு. அதனால் நாங்கள் எல்லாவற்றையும் வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டோம். தாழ்வாரத்தைப் பார்த்த ஜன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை போட்டு, அறைக்குள் தரையில் ஒரே ஒரு பச்சை விளக்கு. நடுவில் என் மகன் அட்டையில் வெட்டிய ஒரு கை. விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கை ஜன்னல் அளவு பெரிதாகும், திரைக்குப் பக்கத்தில் வந்தால் சின்னதாகும். மெதுவாக நகர்த்துவான். எட்டாவது வீட்டுப் பையன் லிஃப்ட் வரை ஓடினான், பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தான்.

அக்கா, உங்கள் முற்றத்தில் சூனியக்காரிச் சட்டி மாதிரி ஏதாவது வைத்தால் மழைத்தண்ணீர் தேங்காமல் பாருங்கள். குடைந்த பரங்கிக்காயிலும் தேங்கும். கொசுப் பரிசோதனைக்கு அதிகாரிகள் வரும்போது அலங்காரம் என்று சொன்னால் எடுபடாது, டெங்கிக் கொசுவுக்கும் அது அலங்காரம் இல்லை. அடியில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டால் போதும். நிஜப் பரங்கிக்காய் என்றால் நம் ஊர்ச் சூட்டில் குடைந்த மூன்றாம் நாளே தளர்ந்துவிடும், 30ஆம் தேதி இரவு குடையுங்கள்.


கறிவேப்பிலை_வீடு எழுதியது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று சனிக்கிழமை மழை இல்லை, ஒத்திகை பார்த்தோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்குப் பயன்படும்.

முதலில் செம்பருத்தி. அண்ணன் சொன்னபடி நானும் மகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். 6.50க்குப் பூ இன்னும் சிவப்புதான். ஏழு மணிக்குத் தாமிர நிறம். ஏழு பத்துக்கு அங்கே பூ இருந்த இடத்தில் ஒரு கறுப்பு ஓட்டை, சுற்றிலும் இலை சாம்பல் பூத்து நிற்கிறது. மகள் எழுந்து போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். பதினைந்து வருடமாக இந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், இதை ஒரு நாளும் பார்த்ததில்லை.

கண்ணாடித்தாள் வாங்கிக் கைப்பேசி டார்ச்சில் கட்டி நடந்து பார்த்தோம். முறுக்குச் சோதனையும் செய்தேன். பழைய ஃப்ளட்லைட்டை ஆரஞ்சில் வைத்து முள்ளு முறுக்கைப் பிடித்தால், சுவரில் ஒவ்வொரு முள்ளுக்கும் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அதற்குப் பிறகு அந்த ஆரஞ்சை என்னால் நம்ப முடியவில்லை. பாலஸ்டியரில் அம்பர் 5 வாட் ஸ்பாட் ஒன்று, 12 வோல்ட், அடாப்டரோடு 32 வெள்ளி. பரங்கிக்காய்க்குப் பேட்டரி மெழுகுவத்தி மூன்று, 9 வெள்ளி. 395 பிளாக்லைட் ஒன்று 24 வெள்ளி. நீலத்துக்கு என் கணவரின் எல்இடி டார்ச்சும் கண்ணாடித்தாளும். பச்சைக்குப் பழைய ஃப்ளட்லைட்டிலேயே ஒன்று, ரிமோட்டில் வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்து மரத் தூரில் தொட்டிக்குப் பின்னால். மற்ற மூன்றும் பெட்டிக்குள் போயின. கண்ணாடித்தாள் போக மொத்தம் 65 வெள்ளிதான் ஆனது.

மாடி ஜன்னலில் டார்ச்சை வைக்கும்போது முதலில் கண்ணாடியை மூடியிருந்தேன். வெளிச்சம் பாதி அறைக்குள்ளேயே திரும்பியது. ஜன்னலைத் திறந்ததும் சரியானது. ஆனால் நிழல் இன்னும் மங்கல். டார்ச்சை ஜன்னலை விட்டு அறைக்குள் ஒரு மீட்டர் பின்னால் நகர்த்தினோம். மகள் கீழே நின்றுகொண்டு "இன்னும், இன்னும்" என்று கத்தினாள். திடீரென்று "அம்மா, நில்லு!" என்றாள்.

இறங்கி வந்து பார்த்தேன். முற்றத்து ஓட்டுத் தரை முழுக்கக் கறிவேப்பிலை நிழல். ஒவ்வொரு ஈர்க்கும் அதன் இலைகளும் தனித்தனியாக நீலத் தரையில் கறுப்பாக வரைந்து வைத்ததுபோல் கிடந்தன. காற்று கொஞ்சம் வந்தது, தரை நகர்ந்தது. மரத்தை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மூலையில் பச்சை, மரத்துக்குள்ளேயே யாரோ விழித்திருப்பதுபோல. வேட்டி மட்டும் கொஞ்சம் அதிகப்படியாக ஒளிர்ந்தது, பக்கவாட்டில் மடித்துப் பாதியாக்கினேன், இப்போது ஆள் அளவுக்கு ஒடுங்கி நிற்கிறது. மகள் மஞ்சளில் கண் வரைய மாட்டேன் என்றுவிட்டாள். கண் இல்லாமலே போதுமாம், கண் வைத்தால் பொம்மை ஆகிவிடுமாம். அவள் சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

படம் எடுப்பது பற்றி ஒன்று. கைப்பேசித் திரையில் விரலை வைத்து வெளிச்சத்தை நன்றாகக் கீழே இறக்கிவிட்டு எடுத்தால் நீலம் மெழுகவில்லை. அம்பர் வெளிச்சம் ஓரத்தில் கொஞ்சம் விழுமாறு நின்று எடுத்தால் இன்னும் தெளிவு.

மூணுபின் தம்பி, டெஸ்ட் பட்டன் அழுத்தினேன், உடனே விழுந்தது. எக்ஸ்டென்ஷன் பெட்டியைப் போர்ச் தூணில் இடுப்பு உயரத்தில் கட்டியிருக்கிறேன். ஒயர் தொங்கல் சரியா என்று பார்க்கப் படம் அனுப்புகிறேன்.

பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினோம். கேட் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றார், தரையைக் காட்டி என்ன இலை என்று கேட்டார். ஒரு கொத்து உடைத்துக் கொடுத்தேன். மாமியார் அதுவரை வெளியே வரவில்லை. பாட்டி குரல் கேட்டு வந்தவர், அம்பர் விளக்கு விழும் வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த மஞ்சளை மட்டும் எடுக்காதே, இது கோலத்துல நல்லா விழும்" என்றார். எட்டாம் தேதி வரை அது அங்கேயே இருக்கும். நீலமும் பச்சையும் முதல் தேதி காலையில் கழற்றுகிறேன்.

பின்மேடை அண்ணன், ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. மரத்தின் வலப்பக்கக் கிளை ஒன்று அம்பர் ஸ்பாட்டுக்குக் குறுக்கே வருகிறது, படியில் நிழல் விழுகிறது. கிளையை வெட்ட எனக்கு விருப்பமில்லை. ஸ்பாட்டை இடப்பக்கத் தூணுக்கு மாற்றினால் வேட்டியின்மேல் மஞ்சள் விழுந்து அதன் ஒளிர்வு கெடுமா? இந்த வாரத்துக்குள் பதில் போட்டால் அடுத்த சனிக்கிழமை மாற்றிப் பார்த்துவிடுவேன்.


பின்மேடை எழுதியது:

கெடும் தங்கச்சி, மாற்றாதீர்கள். ஸ்பாட்டை இருக்கும் இடத்திலேயே ஒரு ஜாண் கீழே இறக்குங்கள், கிளைக்கு அடியில் போய்விடும். அதற்கும் மேலே இரண்டு மூன்று இலை குறுக்கே வந்தால் விட்டுவிடுங்கள். கோலத்தின்மேல் அந்த நிழலும் விழட்டும்.